எடுத்த தண்ணீரைத் திருப்பித் தருவது எந்தக் கிணற்றில்?

அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கோக்கோ கோலா கம்பெனியின் அக்கிராசனராக இருந்த நெவில் இஸ்டெல் என்பவர், 2007-ம் வருஷம் ஜூன் மாதத்தில், பெய்ஜிங் நகரில் கூடிய ஒரு மகாநாட்டில் உலகத்துக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். தமது கம்பெனியின் பானங்களிலும் அவற்றை உற்பத்தி செய்யும் ஆலைகளிலும் செலவாகும் தண்ணீரை, ஒரு துளி விடாமல், இயற்கைக்கும் ஜன சமூகங்களுக்கும் திருப்பிக் கொடுத்துவிடுவதே கம்பெனியின் லக்ஷியம் என்பது அவ்வாக்கின் சாரம். அதற்கு 2020-ம் வருஷம் பின்னர் கெடுவாக வைக்கப்பட்டது. கெடுவுக்கு ஐந்து வருஷம் முன்னதாக, 2015-லேயே வாக்கை நிறைவேற்றிவிட்டதாகக் கம்பெனியார் பிரகடனம் செய்தனர். அவர்களுடைய போட்டியாளரான பெப்ஸி கம்பெனியின் இந்தியக் கிளையோ, தான் பூமியிலிருந்து எடுப்பதற்கு அதிகமாகவே பூமிக்குத் தருவதாக 2009-ம் வருஷத்திலேயே உரிமை கொண்டாடியது. இன்று உணவும் பானமும் உற்பத்தி செய்யும் பெரிய கம்பெனி எதனுடைய வருஷாந்தர அறிக்கையை எடுத்துப் புரட்டினாலும், பசுமை, நீர்ச் சமநிலை, நீடித்த வளர்ச்சி என்ற பதங்கள் கண்ணில் படாமல் இரா.

இம்முயற்சிகள் யாவும் பொய் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அது நியாயமாகாது. ஆலைக்குள்ளே தண்ணீரைச் சிக்கனம் செய்யும் விஷயத்தில் மெய்யாகவே அபிவிருத்தி ஏற்பட்டிருக்கிறது. 2004-ம் வருஷத்தில் ஒரு லிட்டர் பானம் தயாரிக்க மேற்படி கம்பெனியின் ஆலைகளில் சராசரி 2.7 லிட்டர் தண்ணீர் செலவாயிற்று. அதாவது ஒரு லிட்டர் பாட்டிலுக்குள் போக, பாக்கி 1.7 லிட்டர் கழுவுவதிலும் குளிரூட்டுவதிலும் கழிந்தது. 2015-ல் அந்த 2.7 என்பது இரண்டுக்குச் சற்றுக் கீழே இறங்கியது. பாட்டிலைத் தண்ணீரால் அலசுவதற்குப் பதிலாக மின்னூட்டிய காற்றால் தூசி போக்குவது, கடைசி அலசலில் வடிந்த நீரைப் பிடித்து அடுத்த முதல் அலசலுக்கு உபயோகிப்பது, கழிவு நீரைச் சுத்தம் செய்து தோட்டத்துக்கும் கொதிகலனுக்கும் விடுவது முதலிய ஏற்பாடுகளால் இது ஸாத்தியமாயிற்று. இவற்றைச் செய்த எஞ்சினீயர்களுக்கும் தொழிலாளிகளுக்கும் நமது பாராட்டு உரியதே. தண்ணீரை மிச்சம் பிடிப்பதில் கம்பெனிக்கும் லாபம் உண்டு என்பதால் அதன் மதிப்பு குறைந்துவிடாது.

நமது ஆக்ஷேபம் வாக்கின் இரண்டாவது பகுதியைப் பற்றியது. திருப்பித் தருகிறோம் என்கிறார்களே, எந்த இடத்தில், யாருக்கு? பணத்தை ஒரு பாங்கிக் கிளையில் எடுத்து மற்றொரு கிளையில் கட்டினால் கணக்கு நேராகிவிடும். தண்ணீர் அப்படிப்பட்ட வஸ்து அன்று. அது ஓர் ஊரின் பாறைக்கடியில் இருக்கிறது. அந்த ஊர்க் கிணற்றில்தான் ஊறும். இராமநாதபுரத்தில் ஓர் ஊருணியைத் தூர் வாரிவிட்டு, அதைக் கொண்டு கோயமுத்தூர்க் கிணறு நிரம்பியதாகக் கணக்கெழுதும் கர்ணத்தை நமது முன்னோர் ஒரு நாள்கூட வேலையில் வைத்திருக்க மாட்டார்கள். உலகம் முழுவதற்கும் ஒரே மொத்தமாகக் கூட்டிக் காட்டப்படும் கம்பெனிக் கணக்கோ, கிராமத்துக்குக் கிராமம் ஈடு கட்டும் கணக்கன்று. ஒரு கண்டத்தில் காடு வளர்த்ததும் மற்றொரு கண்டத்தில் குழாய் போட்டதும் வரவில் ஏறுகின்றன. எங்கோ ஒரு மூலையில் வறண்டுபோன கிணறு அந்த மொத்தத்துக்குள்ளே மறைந்துபோகிறது.

அப்படிப்பட்ட மூலை ஒன்று நமக்கு மிக அருகில் உண்டு.

பிளாச்சிமடையின் வழக்கு

பொள்ளாச்சிக்கு மேற்கே மீனாட்சிபுரம் எல்லையைத் தாண்டினால் பாலக்காடு ஜில்லாவின் சித்தூர் தாலுக்கா வருகிறது. ராஜ்யப் புனரமைப்பில் கேரளத்தைச் சேர்ந்த பூமியாயினும், அங்கே தமிழ் பேசுவோர் ஏராளம். பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய இந்தக் கிழக்குப் பகுதி, மலையாள தேசம் என்றதும் நம் மனத்தில் எழும் ஓயாத மழைக்குரிய பிரதேசமன்று. மழை குறைந்தது, பாறை நிறைந்தது, நெல்லும் தென்னையும் வாய்க்கால் நீரையும் கிணற்றையும் நம்பியே பிழைப்பது. இந்தத் தாலுக்காவில், பெருமாட்டிப் பஞ்சாயத்தைச் சேர்ந்த பிளாச்சிமடை என்னும் சிற்றூரில், 2000-ம் வருஷத்தில் கோக்கோ கோலாவின் இந்தியக் கம்பெனி சுமார் 34 ஏக்கர் நிலத்தில் ஓர் ஆலை வைத்தது. பஞ்சாயத்து லைசென்சு கொடுத்தது. வேலை கிடைக்கும், வரி வரும் என்று ஊர் மகிழ்ந்தது.

ஆலை ஆழ்குழாய்க் கிணறுகளை இறக்கித் தினந்தோறும் லக்ஷக் கணக்கான லிட்டர் நிலத்தடி நீரை எடுத்தது. சுற்றுப்புறத்தில் ஆதிவாசிகளின் குடியிருப்புக்கள் இருந்தன. இரண்டு வருஷத்துக்குள் அவர்களுடைய கிணறுகள் தாழ்ந்தன. மிஞ்சிய தண்ணீரும் உப்பேறிக் கடுத்தது, சோறு வேகவில்லை, குளித்தால் உடல் அரித்தது என்று ஸ்திரீகள் முறையிட்டார்கள். நல்ல தண்ணீருக்காக அவர்கள் தொலைதூரம் குடம் சுமக்க நேர்ந்தது. 2002-ம் வருஷம் ஏப்ரல் 22-ந் தேதி ஆலை வாசலுக்கு எதிரே அவர்கள் ஒரு பந்தலைப் போட்டு உட்கார்ந்தார்கள். அப்போராட்டத்தின் தலைவியாக விளங்கிய மயிலம்மா இரவாளர் என்னும் ஆதிவாசி வகுப்பைச் சேர்ந்தவர். பள்ளிக்கூடப் படிப்பு இல்லாத அந்த அம்மையார், தம் வீட்டுக் கிணற்றில் நேர்ந்ததை நேரே பார்த்தவர் என்ற ஒரே தகுதியைக் கொண்டு, உலகத்தின் மிகப் பெரிய வியாபார ஸ்தாபனங்களுள் ஒன்றைக் கேள்வி கேட்டார். 2007-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் அவர் காலமானார். இஸ்டெல் பெய்ஜிங்கில் வாக்குக் கொடுத்தது அதற்கு ஐந்து மாதங்களுக்குப் பிறகு என்பதை இங்கே குறிப்பிடுவது பொருந்தும்.

ஆலையின் கழிவு பற்றிய கதை இன்னும் விசித்திரமானது. சுத்திகரிப்புத் தொட்டிகளில் அடியில் தங்கிய சேற்றைக் கம்பெனியார் பக்கத்து விவசாயிகளுக்கு உரம் என்று சொல்லி இலவசமாகக் கொடுத்து வந்தனர். கழிவைப் பயனுள்ள பொருளாக மாற்றுதல் என்று இன்று அறிக்கைகளில் போற்றப்படும் தத்துவத்துக்கு அது ஓர் எடுத்துக்காட்டாகவே காட்டத்தக்கது. 2003-ம் வருஷத்தில் பிரிட்டிஷ் ரேடியோவான பி.பி.ஸி.யின் நிருபர்கள் அந்தச் சேற்றை எடுத்துச் சென்று இங்கிலாந்தில் பரிசோதிக்கச் செய்தபோது, அதில் ஈயமும் காட்மியமும் இருப்பது வெளிப்பட்டது. காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷ உலோகம். ஈயம் குழந்தைகளின் மூளையை மந்தப்படுத்துவது. தென்னந் தோப்புகளில் அதை வாங்கிக் கொட்டிய ஏழை விவசாயிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? சேற்றைப் பரிசோதித்திருக்க வேண்டிய ராஜ்யத்து அதிகாரிகள் கடல் கடந்து செய்தி வந்த பிறகே விழித்துக்கொண்டனர் என்பது நமது நிர்வாகத்தின் லக்ஷணத்துக்கு ஒரு சான்று.

பெருமாட்டிப் பஞ்சாயத்தார் 2003-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் லைசென்சைப் புதுப்பிக்க மறுத்தனர். தங்கள் கஜானாவுக்கு வரி கொடுத்து வந்த ஆலையின் லைசென்சை ஒரு கிராமப் பஞ்சாயத்து மறுக்கத் துணிந்ததே, கிராம சுயராஜ்யம் என்று நாம் பல காலம் பேசி வந்த வார்த்தைக்குக் கிடைத்த அபூர்வமான பொருள். விவகாரம் கேரள ஹைக்கோர்ட்டுக்குப் போயிற்று. 2003-ம் வருஷம் டிசம்பர் 16-ந் தேதி நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் அளித்த தீர்ப்பு, இந்திய நீர்ச் சட்ட சரித்திரத்தில் ஞாபகத்தில் வைக்கவேண்டிய ஒன்று. நிலத்தடி நீர் சமூகத்தின் பொதுச் சொத்து. சர்க்கார் அதற்கு தர்மகர்த்தா மட்டுமே. ஓர் நிலத்தின் சொந்தக்காரன் என்ற ஒரே காரணத்தால் எவரும் அளவுக்கு மேல் அதை உறிஞ்ச முடியாது. கம்பெனி தனக்கு வேறு வழியில் தண்ணீர் தேடிக் கொள்ளட்டும் என்று அவர் தீர்மானித்தார். 2004 பிப்ரவரியில் வறட்சியை உத்தேசித்து ராஜ்ய சர்க்காரும் நிலத்தடி நீரை எடுப்பதைத் தடுத்தது. மார்ச்சு மாதம் 9-ந் தேதி ஆலை நின்றது.

நிற்க. 2005-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி அதே ஹைக்கோர்ட்டின் இரு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு முந்திய தீர்ப்பை மாற்றியது. கோழிக்கோட்டு நீர்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிக்கையை ஆதாரமாகக் கொண்டு, மழை வழக்கம்போல் பெய்யும் வருஷங்களில் நாளொன்றுக்கு 5 லக்ஷம் லிட்டர் எடுக்கலாம் என்று அனுமதித்தது. விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஏறியது. அங்கே வருஷங்கள் கழிந்தன. கடைசியில் 2017-ம் வருஷம் ஜூலை மாதத்தில், பிளாச்சிமடையில் மறுபடி உற்பத்தி செய்யும் உத்தேசம் தங்களுக்கு இல்லை என்று கம்பெனியார் தெரிவித்ததன் பேரில் வழக்கு முடிந்தது. ஆலை திறக்கவில்லை, அந்த மட்டில் ஜனங்களுக்கு ஜயம்தான். ஆனால் தண்ணீர் யாருடையது என்ற கேள்விக்கு தேசத்தின் உச்ச நீதி ஸ்தலத்திலிருந்து ஒரு விடை கிடைப்பதற்கு இருந்த சந்தர்ப்பமும் அத்துடன் போயிற்று.

நஷ்ட ஈட்டின் கதி என்ன ஆயிற்று? கே. ஜயகுமாரின் தலைமையில் ராஜ்ய சர்க்கார் நியமித்த உயர்தரக் கமிட்டி 2010-ல், மொத்த நஷ்டத்தை 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டது. அதில் 84 கோடிக்கு மேற்பட்டது விவசாய நஷ்டம். மற்றது நீர் நிலைகள் கெட்டதற்கும், தேக ஆரோக்கியம் குன்றியதற்கும், கூலி இழந்ததற்கும், குடிநீர் கொண்டு வரும் செலவுக்கும். அதை வசூலித்துக் கொடுக்க ஒரு விசேஷ டிரிப்யூனலை ஏற்படுத்தும் மசோதாவை 2011-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் கேரள சட்டசபை நிறைவேற்றியது. மசோதா டில்லிக்குப் போயிற்று. ஐந்து வருஷ காலம் ஒரு மந்திரி காரியாலயத்திலிருந்து மற்றொன்றுக்கு உருண்டு, ஜனாதிபதியின் சம்மதம் பெறாமலேயே திரும்பி வந்தது. பிரஜைகள் தேர்ந்தெடுத்த சட்டசபை ஒன்று ஏழைகளுக்காக இயற்றிய ஒரு சட்டம் டில்லிக் காரியாலய மேஜைகளில் இவ்விதம் உயிர்விட்டதைப் பற்றி நமது அரசியல் கட்சிகள் காட்டிய கோபம் போதாது.

1882-ம் வருஷத்துச் சட்டம்

ஹைக்கோர்ட்டின் இரண்டு தீர்ப்புகளும் ஏன் இவ்வளவு மாறுபட்டன என்று நேயர்கள் கேட்கலாம். நீதிபதிகளின் மனப் போக்கு மட்டும் அதற்குக் காரணமன்று. நிலத்துக்குச் சொந்தக்காரன் அதன் கீழுள்ள தண்ணீரையும் தன் இஷ்டப்படி எடுத்துக்கொள்ளலாம் என்ற கோட்பாடு, ஆங்கில நாட்டுப் பொது நியாயத்திலிருந்து நமது தேசத்துக்குள் புகுந்தது. அதை 1882-ம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டம் எழுத்தில் பொறித்து வைத்தது. கையால் தோண்டிய கிணறும் கமலையும் ஏற்றமும் இருந்த காலத்தில் அந்தக் கோட்பாட்டால் பெரிய தீங்கு விளையவில்லை. ஒரு ஜோடி மாடு நாள் முழுவதும் இறைத்தாலும் அடுத்த வீட்டுக் கிணறு வற்றிவிடாது. பாறையைத் துளைத்து நூற்றுக் கணக்கான அடி ஆழத்திலிருந்து இரவும் பகலும் மோட்டார் உறிஞ்சும் காலத்தில் அதே கோட்பாடு, பணமுள்ளவன் பக்கத்து ஊரின் தண்ணீரையும் தன் நிலத்தின் வழியாக எடுத்துக்கொள்ள ஒரு பட்டாவாக மாறிவிடுகிறது. வெள்ளைக்காரர் போய் எழுபது வருஷங்களுக்கு மேல் ஆகியும் அவர்கள் எழுதி வைத்த இந்த உரிமை அசையாமல் நிற்கிறது.

தமிழ்நாட்டின் நடத்தையைப் பற்றிப் பெருமைப்பட இடமில்லை. நிலத்தடி நீரை ராஜ்யம் முழுவதும் ஒழுங்கு படுத்துவதற்காக 2003-ல் ஒரு சட்டம் இங்கே இயற்றப்பட்டது. பத்து வருஷம் அது அமுலுக்கு வரவே இல்லை. 2013-ல் அதே சட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். பிறந்த குழந்தைக்குப் பெயரிடாமலே ஈமக்கிரியை செய்தது போல் ஆயிற்று. சென்னை நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் பொறுத்த மட்டில் 1987-ம் வருஷத்திலிருந்து தனிச் சட்டம் உண்டு. அப்படியிருந்தும் 2020-ம் வருஷத் தொடக்கத்தில், அனுமதி இல்லாமல் நிலத்தடி நீரை எடுத்துக் கேன்களில் அடைத்து விற்கும் ஆலைகளை மூடும்படி சென்னை ஹைக்கோர்ட்டே உத்தரவிட வேண்டி வந்தது. உடனே கேன் வியாபாரிகள் வேலை நிறுத்தம் செய்தனர்; நகரம் தவித்தது. சட்டம் தூங்கிய இடத்தில் வியாபாரம் வளர்ந்து, பிறகு வியாபாரத்தை நிறுத்தினால் ஊருக்குத் தாகம் என்ற நிலைமை வந்து சேர்ந்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

கம்பெனியே கேட்ட சாக்ஷியம்

திருப்பித் தரும் கணக்கைப் பரிசீலிக்க வேறொரு சந்தர்ப்பமும் கிடைத்தது. அமெரிக்காவில் மிஷிகன் சர்வகலாசாலை மாணவர்களின் கிளர்ச்சியின் பயனாக அந்தச் சர்வகலாசாலை 2005-ம் வருஷக் கடைசியில் மேற்படி பானத்தை வாங்குவதை நிறுத்தி வைத்தது. இந்தியாவிலுள்ள ஆலைகளைச் சுயேச்சையான ஸ்தாபனம் ஒன்று பரிசோதிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டின் மீது, டில்லியிலுள்ள டெரி என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனம் அவ்வேலையை ஏற்றது. கம்பெனியின் செலவில் நடந்த பரிசோதனைதான். அதனால் அதன் முடிவு கம்பெனிக்கு விரோதமாக இருந்த இடங்களில் அதிக கனம் பெறுகிறது.

ராஜஸ்தானத்தில் ஜயப்பூருக்கு அருகே காலா டேரா என்ற ஊரில் கம்பெனிக்கு ஓர் ஆலை இருந்தது. நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்பட்ட பிரதேசம் என்று 1998-லேயே சர்க்கார் இலாகா குறித்திருந்த இடம் அது; அதற்குப் பிறகுதான் ஆலை அங்கே வந்தது. மழை நீரைப் பூமிக்குள் இறக்கும் குழிகளைத் தோண்டி, எடுப்பதைக் காட்டிலும் மிகுதியாகத் திருப்பித் தருகிறோம் என்று கம்பெனியார் சொல்லிக்கொண்டனர். மழையே அருமையான பாலைவன ஓரத்தில் குழிகளுக்கு எங்கிருந்து நீர் வரும் என்று கேட்க எஞ்சினீயர் பரீட்சை தேற வேண்டியதில்லை. 2008 ஜனவரியில் வெளிவந்த டெரியின் அறிக்கை, அந்த ஆலை இயங்குவது அங்குள்ள நீர் நெருக்கடியை மேலும் மோசமாக்கும் காரணங்களுள் ஒன்றாக நீடிக்கும் என்று கூறி, நான்கு வழிகளைக் காட்டியது: நெருக்கடி இல்லாத வேறிடத்திலிருந்து தண்ணீர் கொண்டுவருவது, நெருக்கடி குறைந்த பருவத்தில் தண்ணீரைச் சேமித்து வைப்பது, ஆலையை வேறிடத்துக்கு மாற்றுவது, இவை இயலாவிடில் மூடிவிடுவது. இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்ட பிறகும் ஆலை 2016-ம் வருஷம் வரை நடந்தது. வாக்கு நிறைவேறிவிட்டதாகச் சொல்லப்படும் 2015-ம் வருஷத்தில் காலா டேரா ஆலை தண்ணீர் எடுத்துக்கொண்டுதான் இருந்தது என்பதை வாசகர்கள் தாமே சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கில் ஏறாத சர்க்கரை

இதுகாறும் சொன்னது ஆலை மதிலுக்குள் செலவாகும் தண்ணீரைப் பற்றியது. மதிலுக்கு வெளியே செலவாகும் தண்ணீரோடு ஒப்பிட்டால் அது கடலுக்கு முன் கரண்டித் தண்ணீர். ஹாலந்து தேசத்திலுள்ள ஓர் ஆலையில் தயாராகும் அரை லிட்டர் கோக்கோ கோலாவுக்கு எவ்வளவு நீர் தேவைப்படுகிறது என்று கம்பெனியாரே ஓர் இயற்கைப் பாதுகாப்பு ஸ்தாபனத்துடன் சேர்ந்து ஆராய்ந்து 2010-ல் முடிவை வெளியிட்டனர். விடை 35 லிட்டர். அதில் ஆலைக்குள் செலவானது ஒரு லிட்டர்கூட இல்லை. மிகப் பெரும் பகுதி சர்க்கரைக்காகப் பயிரிட்ட பீட்டுக் கிழங்கு குடித்தது. உண்மையை மறைக்காமல் வெளியிட்டதற்காக அவர்களை மெச்சலாம். ஆனால் துளிக்குத் துளி திருப்பித் தருவோம் என்ற வாக்கில் அந்தச் சர்க்கரையின் தண்ணீர் சேர்க்கப்படவில்லை.

நமது தேசத்தில் பீட்டுக் கிழங்குச் சர்க்கரை இல்லை, கரும்பு. உலக சராசரியில் ஒரு கிலோ கரும்புச் சர்க்கரை உண்டாக ஏறத்தாழ 1,780 லிட்டர் தண்ணீர் செலவாவதாக ஆராய்ச்சிக்காரர் கணக்கிட்டிருக்கின்றனர். முந்நூறு மில்லி லிட்டர் கொண்ட ஒரு பாட்டில் இனிப்புப் பானத்தில் சுமார் முப்பது கிராம் சர்க்கரை கரைந்திருக்கிறது. பெருக்கிப் பார்த்தால், சாமானியன் ஒரு மூச்சில் குடித்து முடிக்கும் பாட்டிலுக்குள் ஐம்பது லிட்டருக்கு மேல் தண்ணீர் அடங்கியிருக்கிறது. தென்கடல் தீவு ஒன்றில் மழையால் மட்டும் விளையும் கரும்பானால் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்திலும் தமிழ்நாட்டிலும் கரும்புக்குக் கிணற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் பாய்ச்சியாக வேண்டும். கரும்புக்காரனைக் குறை சொல்லும் நோக்கம் நமக்கில்லை. அவனுக்கு நிச்சயமான விலை கிடைக்கும் பயிர் அது ஒன்றுதான். அந்த விவசாயிக்குச் சொட்டு நீர்ப் பாசனக் குழாய் வாங்க உதவினால், ஒரு பாட்டிலுக்குச் செலவாகும் தண்ணீர் மெய்யாகவே குறையும். அதைச் சில கம்பெனிகள் தொடங்கியும் இருக்கின்றன. விளம்பரத்துக்கு ஏற்ற குளம் வெட்டும் படத்தைக் காட்டிலும் இந்த மௌனமான வேலையே நமது மதிப்பில் உயர்ந்தது.

தாமிரபரணிக் கரையில்

கங்கைகொண்டான் தொழிற்பேட்டையைப் பற்றிச் சொல்லாமல் இவ்விஷயத்தை விட முடியாது. திருநெல்வேலியையும் தூத்துக்குடியையும் வளர்க்கும் தாமிரபரணியின் நீர், அங்குள்ள குளிர்பான ஆலைகளுக்கு ஆயிரம் லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு வீதம் கொடுக்கப்பட்டு வந்தது. அதாவது லிட்டருக்கு நாலு காசு கூட இல்லை. 2016-ம் வருஷத்தில் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் ராஜ்யத்தின் ஜில்லாக்கள் யாவும் வறட்சிப் பிரதேசங்கள் என்று சர்க்காரே அறிவித்தது. மதுரைக் கிளை ஹைக்கோர்ட்டு 2016 நவம்பரில் ஆலைகளுக்கு நீர் கொடுப்பதை இடைக்காலமாகத் தடுத்தது. உபரி நீரே கொடுக்கப்படுகிறது என்ற வாதம் எழுந்தது. 2017 மார்ச்சு 2-ந் தேதி வழக்குத் தள்ளுபடியாயிற்று. அதற்கு முந்திய நாள் முதல், ஜல்லிக்கட்டுக் கிளர்ச்சியில் மாணவர்கள் எழுப்பிய குரலை ஏற்று, கோக்கோ கோலாவையும் பெப்ஸியையும் விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் தீர்மானித்திருந்தன. 2015-ல் பெருந்துறையில் நிறுவப்படவிருந்த ஆலைக்கு ஒதுக்கிய நிலத்தை, ஜனங்களின் எதிர்ப்பின் பேரில், தொழிற்பேட்டை ஸ்தாபனமே ரத்து செய்ததும் இத்துடன் சேர்த்து நினைக்கத்தக்கது.

வணிகர்களின் அந்தப் பகிஷ்காரத்தால் சுதேசி பானங்களுக்குச் சிறிது காலம் நல்ல கிராக்கி ஏற்பட்டது. 1916-ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் கம்பெனியின் பவண்டோவைக் கடைகளில் மறுபடி முன் வரிசையில் கண்டோம். அந்நிய மூலதனத்துக்கு அடிபணியாமல் ஒரு தமிழ்க் குடும்பம் நூறு வருஷம் தாக்குப் பிடித்தது சந்தோஷத்துக்குரிய செய்திதான். 1977-ல் தேசத்தை விட்டுப் போன அமெரிக்கக் கம்பெனி, 1993-ல் திரும்பி வந்தபோது தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் முதலிய சுதேசிச் சரக்குகளைப் பெயரோடு விலைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டதை மறக்காதவர்களுக்கு இந்தச் சந்தோஷம் இரட்டிப்பாகும். என்றாலும் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. சுதேசிக் கம்பெனி உறிஞ்சுகிறது என்பதற்காகப் பூமி அதிகமாக ஊறிக் கொடுத்துவிடாது. முதலாளியின் தோலின் நிறத்தையோ தாய்ப் பாஷையையோ கிணறு விசாரிப்பதில்லை. அந்நியக் கம்பெனியிடம் கேட்கும் கணக்கை நமது ஊர் ஸோடாக் கம்பெனியிடமும், பால் பண்ணையிடமும், சாராய ஆலையிடமும் நாம் கேட்டே ஆகவேண்டும். 2025-ம் வருஷம் ஜனவரியில் அதே பாலக்காடு ஜில்லாவின் எலப்புள்ளியில் ஒரு பெரிய மதுபான ஆலைக்குக் கேரள மந்திரிசபை பூர்வாங்க அனுமதி கொடுத்தபோது, மழைநீரைச் சேமித்தே ஆலை நடக்கும் என்ற உறுதிமொழி கூறப்பட்டது. பிளாச்சிமடையைப் பார்த்த ஜில்லாவாசிகள் அதை உடனே நம்பிவிடவில்லை. கம்பெனி இந்தியாவினுடையது என்பது அவர்களுக்குப் பதிலாகாது.

பாட்டிலைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நமது கோலி ஸோடாவும் பன்னீர் ஸோடாவும் காலி பாட்டிலைத் திருப்பி வாங்கிக் கழுவி நிரப்பும் முறையில்தான் தலைமுறைகளாக நடந்தன. ஒரு பாட்டில் நூறு வீடு பார்க்கும். பிளாஸ்டிக் வந்த பிறகு பாட்டிலைச் சுமக்கும் பாரம் கம்பெனியிடமிருந்து தெருவுக்கும் கழனிக்கும் இறங்கிவிட்டது. 2022-ல் கோக்கோ கோலா கம்பெனி, 2030-க்குள் தன் பானங்களில் நாலில் ஒரு பங்கைத் திரும்ப நிரப்பும் பாட்டில்களில் விற்பதாக வாக்களித்தது. 2024 டிசம்பரில் தன் லக்ஷியங்களைத் திருத்தி வெளியிட்டபோது அந்த வாக்கு அதில் காணப்படவில்லை. தானே கொடுத்த வாக்கைத் தானே எடுத்துக்கொண்டவரிடம் வசூல் செய்ய எந்தக் கோர்ட்டும் இல்லை.

ஆகவே, இஷ்டத்தின் மேல் கொடுக்கப்படும் வாக்குகளை நம்பி இருப்பதை விட்டு, சட்டத்தினால் கேட்கத்தக்க கணக்கை நாம் ஸ்தாபிக்க வேண்டும். எடுப்பதையும் தருவதையும் உலக மொத்தமாகக் காட்டாமல், ஆலை ஆலையாக, நீர்ப் படுகை படுகையாகக் கம்பெனிகள் வெளியிட வேண்டும். குழாய்க் கிணற்றின் மீட்டர் கம்பெனியின் பூட்டுக்குள் இராமல் பஞ்சாயத்தின் சாவியில் இருக்க வேண்டும். சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து ஊர்ச் சாவடியில் எழுதி வைக்க வேண்டும். மட்டம் குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் ஆலை தானாக நிற்கவேண்டும். 1882-ம் வருஷத்து உரிமையை மாற்றி, 2013-ல் கொன்ற சட்டத்துக்குப் பதிலாக ஒன்றைச் சென்னைச் சட்டசபை இயற்ற வேண்டும். இவற்றுள் கடைசிக் காரியத்துக்கு எம்.எல்.ஏ.க்களின் தயவு வேண்டும். மற்றவற்றைத் தொடங்க அதுவும் வேண்டியதில்லை. 2022-ம் வருஷ முதல் தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடும் என்று ஏற்பட்டிருக்கிறது. அதில் ஒரு கூட்டம் உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச்சு 22-ந் தேதி. குளிர்பானமோ கேன் தண்ணீரோ சாராயமோ தயாரிக்கும் ஆலை உள்ள ஒவ்வொரு கிராமத்திலும், அன்றைய கூட்டத்தில் எழுந்து நின்று, சென்ற வருஷம் ஆலை எத்தனை லக்ஷம் லிட்டர் எடுத்தது, அதே ஊர்ப் பூமிக்கு எத்தனை லக்ஷம் லிட்டர் திருப்பித் தந்தது என்ற இரண்டு இலக்கங்களை மினிட் புஸ்தகத்தில் பதிவு செய்யும்படி நமது தேச பக்த வாலிபர்கள் கேட்கலாம்.